வீழினும் பொய்யாத உணரி

(எம். புதுப்பட்டியில் தமிழன்பர் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வெடியாலைகளிலும் தீப்பெட்டியாலைகளிலும் அச்சகங்களிலும் பகலெல்லாம் உழைத்துக் களைத்தும், தமிழ் என்னும் பெயர் கேட்ட அளவிலே இங்கு வந்து திரண்டிருக்கும் என் உடன்பிறப்புகளே! தாய்மார்களே!

இக்கூட்டத்தில் மொழி வரலாறோ இலக்கிய நயமோ பேசப்படும் என்று நீங்கள் எண்ணி வந்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. எந்திரன் ஒன்றன் மின்கல அடுக்கில் அழுத்தம் வீழும்போது, அதன் உணரிகட்குச் செல்லும் மின்னாற்றலை வீழாமல் காப்பது எப்படி என்பதே அப்பொருள். தமிழ்க் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர்க்குத் தோன்றும். வேலை உண்டு, இருவகையில் உண்டு.

முதலாவது, உயிர். இந்த மண்ணில் வெடிமருந்துக் கலவை இன்றும் பெரும்பாலும் மாந்தர் கையாலேயே நடைபெறுகின்றது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரை இழந்தோம். 2021 பிப்பிரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2023 அக்டோபர் 17-ஆம் நாள் இப்பகுதியைச் சார்ந்த இரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இவை செய்தித்தாளில் இடம்பெற்ற பெருநேர்ச்சிகள் மட்டுமே. ஒருவர் இருவராக மாய்ந்தோர் கணக்கை உங்கள் தெருக்களே அறியும். கலவையறையில் மாந்தன் நிற்கும் இடத்தில் ஒரு பொறி நிற்குமாயின், அறை போகும், ஆள் பிழைப்பான். ஆனால் அப்பொறி மெய்யுரைக்கும் உணரிகளைக் கொண்டதாக இருத்தல் வேண்டும். பொய்யுரைக்கும் உணரியைக் கொண்ட பொறி, ஆளில்லா அறையில் தொடங்கும் தீயை ஆளுள்ள அறைக்குக் கொண்டு சேர்க்கும்.

இரண்டாவது, மொழி. அப்பொறியை நாளை இயக்கப்போகின்றவன் நம் தம்பி. பழுது பார்க்கப்போகின்றவள் நம் தங்கை. அப்பொறியோடு வரும் குறிப்பேடு அவர்கட்கு விளங்காத மொழியில் இருக்குமாயின், விளங்காமையால் விளையும் கேட்டை அவர்கள்தாம் உடலால் தாங்குவர். ஆகவே இன்று நான் பேசப்போகும் அறிவியல் முழுவதையும் தமிழிலேயே பேசிக் காட்டுகின்றேன். இறுதியில், விளங்கிற்றா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எந்திரன் என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லாய்வு. உலகம் 'ரோபோ' என வழங்கும் சொல், சேக்கு நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக்கு 1920-இல் எழுதிய நாடகமொன்றன் வழியாகப் பரவியது. அவர் மொழியில் 'ரொபோட்டா' என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். பண்ணையாளனுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்துகொடுத்த வேலைக்கு அப்பெயர். ஆக, அச்சொல்லின் கருவிலேயே அடிமையொருவனின் முதுகு வளைந்து நிற்கின்றது. தமிழில் எந்திரம் என்னும் சொல் பழம்பெருஞ் செய்யுள்களிலேயே ஆளப்பட்டது. அதனின்று ஆக்கிக்கொண்ட எந்திரன் என்னும் சொல்லை இன்று சிறுவரும் அறிவர். அதனையே ஆள்கின்றேன்.

ஓர் எந்திரனுக்கு மூன்று உறுப்புகள் தலையாயவை. சுழன்று வேலைசெய்யும் சுழலி. கண்ணும் செவியும் தோலும் போல நின்று வெப்பம், எடை, ஈரம், தொலைவு முதலியவற்றை அறியும் உணரி. உணரி சொல்வதைக் கேட்டுச் சுழலிக்கு ஆணையிடும் கட்டுப்படுத்தி. இம்மூன்றனுக்கும் ஊணளிப்பது மின்கல அடுக்கு. கடைத்தெருவில் 'பேட்டரி' என்பார்கள். மின்னைக் கொண்டிருக்கும் கலம் மின்கலம். கலங்கள் பலவற்றை அடுக்கியது மின்கல அடுக்கு. சொல்லைக் கேட்டவுடனேயே பொருள் தோன்றுகின்றதன்றோ? அதுதான் தாய்மொழிச் சொல்லின் வலிமை.

ஓர் ஐயத்தையும் இங்கே தீர்த்துவிடுகின்றேன். வோல்ட்டு, ஆம்பியர், ஓம் என்னும் அளவுப் பெயர்களைத் தமிழாக்கவில்லையே என்று கேட்பீர்கள். அவை வோல்ட்டா, ஆம்பியர், ஓம் என்னும் அறிவியலறிஞர்களின் பெயர்கள். ஆட்பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை. நம் எழுத்தின் இயல்புக்கு ஏற்ப எழுதிக்கொள்கின்றோம். பிறர் பெருமையை மறைப்பது தனித்தமிழ்க் கொள்கையன்று.

அழுத்தம் ஏன் வீழ்கின்றது?

ஊரில் மேல்நிலை நீர்த்தொட்டி ஒன்று இருக்கின்றது. ஒரே குழாயிலிருந்து இரு வீடுகட்கு நீர் பிரிகின்றது. பள்ளத்து வீட்டுக்காரர் தம் குழாயை முழுதும் திறந்துவிட்டால், மேட்டு வீட்டில் நீர் நூலாக ஒழுகும். தொட்டியில் நீர் குறைந்ததாலன்று. குழாயின் இறுக்கமே அதற்குக் கரணியம். இரவில் உந்துவண்டியைக் கிளப்பும்போது முன்விளக்கு ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவே.

மின்கலத்திற்குள்ளேயே ஒரு தடை உண்டு. அதனை உள்தடை என்க. கம்பிக்கும் இணைப்புக்கும் தடை உண்டு. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் வருவது அழுத்த வீழ்ச்சி. ஓர் எடுத்துக்காட்டு. இலித்தியக் கலங்கள் இரண்டை வரிசையாக அடுக்கிய ஓர் அடுக்கின் இயல்பழுத்தம் 7.4 வோல்ட்டு. முழுதும் நிறைந்திருக்கையில் 8.4, வற்றிய நிலையில் 6.0. உள்தடையும் கம்பித்தடையும் சேர்ந்து 0.2 ஓம் எனக் கொள்வோம். சுழலி சுமையை இழுக்கையில் 6 ஆம்பியர் கொள்ளுமாயின், வீழ்ச்சி 6 பெருக்கல் 0.2, அதாவது 1.2 வோல்ட்டு. 7.4 என நின்றது 6.2 ஆகிவிட்டது. சுழலி நின்றால் மீண்டும் ஏறும். சுழன்றால் மீண்டும் இறங்கும். கலம் முதுமையடையுந்தோறும் உள்தடை வளரும், வீழ்ச்சியும் வளரும். புதுக்கலத்தோடு ஆய்வுக்கூடத்தில் நன்கு நடந்த எந்திரன், ஓராண்டு கழித்துக் களத்தில் தடுமாறுவது இதனாலேயே.

உணரிகட்கு 5 வோல்ட்டு வேண்டும். அதனை வழங்கச் சீராக்கி என்னும் உறுப்பு உண்டு. பழைய வகைச் சீராக்கி, தான் வெளியிடும் அழுத்தத்தினும் ஏறத்தாழ 2 வோல்ட்டு மிகுதியாக உள்ளே வந்தால்தான் வேலைசெய்யும். 7.4 வரும்வரை சிக்கலில்லை. 6.2 வந்தால் அது 4.2 அளவே கொடுக்கும். உணரிக்கு ஊண் குறைந்துவிட்டது.

உணரி எப்படிப் பொய்யுரைக்கின்றது?

ஊண் குறைந்த உணரி வாய்மூடிக் கிடந்தால் தீங்கில்லை. அது தொடர்ந்து பேசுகின்றது, தவறாகப் பேசுகின்றது. இங்கேதான் இடர்.

எடையுணரியை எண்ணிப் பாருங்கள். அதன் குறிகை, அதற்கு ஊட்டப்படும் அழுத்தத்திற்கு ஏற்பக் கூடும், குறையும். அக்குறிகையை மாறாத ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டால், ஊட்டம் 5-லிருந்து 4.2 ஆகும்போது குறிகையும் நூற்றுக்கு 16 விழுக்காடு குறையும். தட்டில் 1000 கிராம் இருக்கும். கருவி 840 என்னும். எந்திரனுக்கு 1000 கிராம் கொட்டுமாறு ஆணை. அது, கருவி 1000 எனக் காட்டும்வரை கொட்டும். அப்போது தட்டில் இருப்பது ஏறத்தாழ 1190 கிராம். கொட்டப்பட்டது அரிசியாயின் இழப்பு சிறிது. அலுமினியத் தூளாயின்? வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றின் அளவு மாறினால் கலவையின் குணமே மாறும் என்பதை உங்கட்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

மற்றொரு வகை வெப்பவுணரி. ஒரு பாகைக்கு ஓராயிரத்தில் பத்துப் பங்கு வோல்ட்டு என மாறாக் குறிகை தருவது. இங்கே உணரி மெய்யுரைக்கும். அளக்கும் கோல் பொய்யாகும். கட்டுப்படுத்தி தன் ஊட்டழுத்தத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தால், 5 என எண்ணிய கோல் 4.2 ஆகச் சுருங்கிவிட, 40 பாகை வெப்பம் 47.6 பாகை எனத் தோன்றும். வீண் எச்சரிக்கை மணி ஒலிக்கும். அதனால் என்ன கேடு என்பீர்கள். புலி வருகின்றது, புலி வருகின்றது என்று நாள்தோறும் கூவினால், மெய்யாகவே புலி வரும் நாளில் எவரும் எழார். ஈரம்பட்ட கலவை தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. அந்நாளில் மணியோசையை மதியாத காது, உயிரை இழக்கும் காது.

மூன்றாவது பொய் இன்னும் நுண்ணியது. சுழலிக்கும் உணரிக்கும் மின் திரும்பிவரும் கம்பி ஒன்றாகவே இருந்தால், சுழலியின் 6 ஆம்பியர் அக்கம்பியிற் பாயும்போது, கம்பித்தடை 0.05 ஓம் ஆயினும் 0.3 வோல்ட்டு எழும். உணரியின் சுழியமே அவ்வளவு இடம்பெயர்ந்துவிடும். பாகைக்கு ஓராயிரத்தில் பத்து வோல்ட்டு என்னும் அவ்வெப்பவுணரியில் 0.3 வோல்ட்டு என்பது 30 பாகைப் பிழை! உணரியிற் குற்றமில்லை, சீராக்கியிற் குற்றமில்லை. கம்பியை வளைத்துக் கட்டிய கையில் குற்றம்.

காக்கும் வழிகள்

வழிகள் பல உண்டு. எளியதிலிருந்து தொடங்குவோம்.

கம்பியைத் தடிப்பாக்குக, இணைப்பை இறுக்குக, திரும்பு கம்பிகளைத் தனித்தனியே கொணர்ந்து மின்கல வாயில் ஒரே புள்ளியில் சேர்க்க. இதற்குச் செலவு மிகச் சிறிது. பயன் மிகப் பெரிது.

அடுத்து, சுழலியை ஒரேயடியாக முடுக்காமல் படிப்படியாக முடுக்குக. நின்ற சுழலி எழும்போது கொள்ளும் ஓட்டம், ஓடும்போது கொள்வதைப்போற் பன்மடங்கு. மெல்லத் தொடங்கினால் வீழ்ச்சியும் மெல்லியதாகும்.

அடுத்தது சீராக்கியை மாற்றுதல். 0.3 வோல்ட்டு மிகுதியே போதும் என்னும் குறைவிழுப்புச் சீராக்கிகள் உள்ளன. 6.2 வந்தாலும் அவை 5 கொடுக்கும், 5.3 வரை தாங்கும். ஆனால் கலம் 6.0 வரை வற்றி, அதன்மேல் 1.2 வீழுமாயின் 4.8 ஆகிவிடும், அங்கே இவையும் தோற்கும். அந்நிலைக்கு ஏற்றவிறக்கி என்னும் மாற்றி வேண்டும். அது, வருவது 5-ஐ விட மேலாயின் இறக்கியும் கீழாயின் ஏற்றியும் 5-ஆகவே கொடுக்கும். அதன் உள்ளே விரைவாகத் திறந்து மூடும் ஆளிகள் இருப்பதால் சிறு இரைச்சல் எழும். அவ்விரைச்சலை வடிகட்டிய பின்பே நுண்ணுணரிக்கு ஊட்ட வேண்டும்.

இன்னொரு வழி, கொண்மி. பணிக்கடைகளில் 'கண்டன்சர்' என்பது இதுவே. மின்னைக் கொள்வதால் கொண்மி. உணரிகட்குச் செல்லும் வழியில் ஒருவழியத்தையும் அதன்பின் கொண்மியையும் வைத்தால், அடுக்கின் அழுத்தம் வீழும் நேரத்தில் ஒருவழியம் கதவைச் சாத்திக்கொள்ள, கொண்மி தன் சேமிப்பிலிருந்து உணரிகட்கு ஊட்டும். வயலுக்கு நீர் நிற்கும்போது கிணற்றடித் தொட்டி உதவுவதைப் போல. எவ்வளவு பெரிய கொண்மி வேண்டும்? உணரிகளின் ஓட்டம் 0.05 ஆம்பியர், வீழ்ச்சி நிற்கும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, பொறுக்கத்தக்க இறக்கம் அரை வோல்ட்டு. ஓட்டத்தை நேரத்தால் பெருக்கி இறக்கத்தால் வகுத்தால் 0.002 பாராடு, அதாவது 2000 நுண்பாராடு வரும். கடையில் கிடைக்கும் பொருள்தான்.

இவையெல்லாவற்றினும் மேலான ஒரு வழியும் உண்டு. வீழ்ச்சியைத் தடுப்பதோடு நில்லாமல், வீழ்ந்தாலும் பொய்யாத முறையில் அளத்தல். எடையுணரிக்கு ஊட்டும் அதே அழுத்தத்தை அளவுகோலாகவும் கொண்டால், குறிகை 16 விழுக்காடு குறையும்போது கோலும் 16 விழுக்காடு குறையும், விகிதம் மாறாது, 1000 கிராம் 1000 கிராமாகவே நிற்கும். மாறாக் குறிகை தரும் வெப்பவுணரிக்கோ, ஊட்டத்தைச் சாராத தனி ஒப்பழுத்தத்தைக் கோலாகக் கொள்ள வேண்டும். எந்த உணரிக்கு எந்தக் கோல் என்று அறிவதே திறமை.

நிற்கவேண்டிய இடத்தில் நிற்றல்

எவ்வளவு காத்தாலும் கலம் ஒருநாள் வற்றும். அப்போது எந்திரன் என்ன செய்தல் வேண்டும்? நின்றுவிடல் வேண்டும். ஊட்டம் எல்லைக்குக் கீழே இறங்கினால் தானே வேலையை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு நுண்கட்டுப்படுத்திகளில் உண்டு. 5 வோல்ட்டில் இயங்கும் சிலவற்றில் 4.3 வோல்ட்டு என்னும் எல்லையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது கடைசி வேலி. அதற்கு முன்பே மின்கல அழுத்தத்தை அளந்து, சுழலியைப் பாதுகாப்பாக நிறுத்தி, கலவைத் தாழியை மூடிவிட்டு, "என் சொல்லை இனி நம்பாதீர்" என்று எந்திரனே அறிவித்தல் வேண்டும்.

இதிலும் ஒரு நுட்பம். சுழலி நின்றவுடன் அழுத்தம் மீண்டும் ஏறுமன்றோ? நிறுத்தும் எல்லையும் தொடங்கும் எல்லையும் ஒன்றேயாயின், நிற்கும், தொடங்கும், மீண்டும் நிற்கும்; நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓர் எல்லையில் நிறுத்தி, அதனினும் நன்கு உயர்ந்த மற்றோர் எல்லைக்கு மேல் ஏறினால்தான் தொடங்க விட வேண்டும். கலவையறையைப் பொறுத்தவரை, ஆள் வந்து பார்த்து விடை கொடுக்காமல் தொடங்கவே கூடாது என்பேன்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று நம் காலத்திலேயே உண்டு. 2023 ஆகத்து 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நம் விழுப்புரத்தில் பிறந்தவர். அதிலிருந்து இறங்கிய ஆறு உருளிகள் கொண்ட ஊர்தியின் எடை 26 கிலோகிராம். கதிரவ ஒளியிலிருந்து அது பெற்ற மின்திறன் 50 வாட்டு மட்டுமே. நம் வீட்டுக் காற்றாடி ஒன்று கொள்ளும் அளவு! நிலவின் இரவு ஏறத்தாழ 14 நாள் நீளும். குளிரோ சுழியத்திற்குக் கீழ் 100 பாகையையும் கடந்து செல்லும். இரவு நெருங்கியபோது அறிவியலாளர் செய்ததென்ன? செப்டம்பர் 2-ஆம் நாள் ஊர்தியின் ஆய்வுணரிகள் இரண்டையும் அணைத்தனர். மின்கலம் நிறைந்திருக்கையிலேயே அணைத்தனர். அதுவரை திரட்டிய செய்தியை நிலவுலகிற்கு அனுப்பிவிட்டு, செய்தி வாங்கும் உறுப்பை மட்டும் விழித்திருக்க விட்டனர். செப்டம்பர் 22 விடியலுக்குப் பின் அழைத்தபோது ஊர்தி விழிக்கவில்லை. ஆயினும் அது விழித்திருந்த நாளிற் சொன்ன செய்தியை உலகம் ஏற்றுக்கொண்டது. ஊண் உள்ளபோதே உரியதைச் செய்து, ஊண் குன்றுமுன் நாவடக்கிய கருவி அது. கலவையறை எந்திரனுக்கும் அவ்வொழுக்கமே வேண்டும்.

நம் ஊருக்கென ஒரு கணக்கு

இதுவரை சொன்னவற்றை எந்த நாட்டு நூலிலும் காணலாம். இனிச் சொல்வது நம் மண்ணுக்குரியது. பிறர் சொன்ன தீர்வை அப்படியே எடுத்து வெடிமருந்து அறைக்குள் வைத்தல் கூடாது.

சற்று முன் 2000 நுண்பாராடுக் கொண்மி என்றேன். 7 வோல்ட்டில் அது சேமித்து வைத்திருக்கும் ஆற்றல், அளவின் பாதியை அழுத்தத்தின் இருமடியால் பெருக்க, ஓராயிரத்தில் ஏறத்தாழ 50 சூல். செயற்கை இழையாடை உடுத்து உராய்ந்த மாந்தவுடலில் 10,000 வோல்ட்டு நிலைமின் ஏறினால், அதன் ஆற்றல் ஓராயிரத்தில் 5 சூல் அளவே. அவ்வளவு சிறிய ஆற்றலுக்கு அஞ்சித்தான் பருத்தியாடை உடுத்துங்கள், நிலத்தொடர்புள்ள செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள் என்கின்றோம். இங்கே அதைப்போற் பத்துமடங்கு ஆற்றலை நாமே கொண்டுபோய் மருந்தருகே வைப்பதா? குறைந்த அழுத்தத்தில் பொறி எளிதில் தாவாது என்பது மெய். ஆனால் அறுந்த கம்பி தொட்டு விலகும் நொடியில் அவ்வாற்றல் முழுதும் ஒரு புள்ளியில் இறங்கும். தூள் படிந்த இடத்தில் அந்த ஒரு புள்ளியே போதும்.

ஆகவே இங்கே முறை வேறு. மின்கல அடுக்கும், சீராக்கியும், பெருங்கொண்மியும் தடித்த சுவர்க்கு வெளியே இருத்தல் வேண்டும். தூரிகை உரசிப் பொறி சிந்தும் சுழலி உள்ளே வரலாகாது. சுவரைத் துளைத்துச் செல்லும் தண்டாலோ காற்றழுத்தத்தாலோ தாழியைச் சுழற்ற வேண்டும். உள்ளே செல்வது உணரி மட்டுமே. அதற்குச் செல்லும் அழுத்தமும் ஓட்டமும், கம்பி அறுந்தாலும் பொறியால் தீ மூட்ட இயலாத அளவிற்கு இடையிலேயே வரம்பிடப்பட வேண்டும். கருவி முழுவதும் வல்லுநர் ஆய்ந்து ஒப்பிய பின்னரே மருந்தைக் காண வேண்டும்.

இக்கோட்பாடு பிறந்த கதையைக் கேளுங்கள். 1913 அக்டோபர் 14-ஆம் நாள், வேல்சு நாட்டில் செங்கெனித்து என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். சுரங்கத்துள் மணியடித்துக் குறிப்புணர்த்தும் மின்கருவியின் பொறியே தீ மூட்டியிருக்கக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. மணி அடிக்கும் கம்பியில் ஓடியது மிகச் சிறிய மின்தான். சிறியது என்பதால் எவரும் அஞ்சவில்லை. எவ்வளவு சிறிதாயின் தீமூட்டாது என்று கணக்கிடும் ஆய்வு அக்காலத்தில்தான் வேர்கொண்டது. அங்கே 439 உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அது. அதைக் கற்பதற்கு நாம் இன்னும் எத்தனை உயிர் கொடுக்க வேண்டும்? வேல்சு மக்கள் ஆங்கிலத்தின் அண்டையிலேயே வாழ்ந்தும் தம் தாய்மொழியை இன்றும் விடாது காத்துவருபவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்திரன் வந்தால் கூலி போகாதா?

இக்கேள்வி உங்கள் நெஞ்சில் எழுந்திருக்கும். எழ வேண்டிய கேள்விதான். 1923-இல் நம் ஊரார் இருவர், அய்யா நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். அவ்விருவர் கற்றுவந்த தொழில் வளர்ந்து இன்று இவ்வட்டாரத்து அடுப்புகளை எரியவைக்கின்றது. அவ்வடுப்பை அணைக்கும் பொறி எனக்கும் வேண்டாம்.

ஆனால், ஆலையில் நடக்கும் பணிகள் எல்லாம் ஒரே அளவு இடருடையன அல்ல. தாள் சுற்றுதல், ஒட்டுதல், திரி முடைதல், கட்டுதல் என எத்தனையோ கைப்பணிகள் உள. கலவையறையும் மருந்து செலுத்தும் அறையுமே உயிர்குடிக்கும் இடங்கள். அவ்விரண்டிலிருந்து மட்டும் மாந்தனை வெளியேற்றுக. வெளியேறியவனுக்கே பொறியை இயக்கும் பயிற்சியையும், குறையாத கூலியையும் கொடுக்க. இதனை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும். பொறி முதலாளியின் ஆதாயத்திற்கென வந்தால் அது சாப்பெக்கின் நாடகத்து அடிமை. தொழிலாளியின் உயிருக்கென வந்தால் அவனுக்குக் கவசம். எதுவாக வரும் என்பது நம் ஒற்றுமையைப் பொறுத்தது.

அங்கேதான் மொழி குறுக்கே நிற்கின்றது, அல்லது கைகொடுக்கின்றது. பயிற்சி ஆங்கிலத்தில் என்றால், பத்தாண்டு மருந்து கலந்த பட்டறிவாளன் வாயிலிலேயே நின்றுவிடுவான். நகரத்திலிருந்து வந்தவன் உள்ளே நுழைவான். பயிற்சி தமிழில் என்றால், பட்டறிவும் நூலறிவும் ஒருவனிடத்திலேயே சேரும். மருந்தின் நிறம் மாறுவதைக் கண்ணால் அறிந்தவனுக்கு, அழுத்தம் மாறுவதைக் கருவியால் அறியக் கற்பித்தல் எளிது.

தமிழால் இயலும்

இயலுமா என்பார்க்கு வரலாறே விடை சொல்லும். அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். அறுவை மருத்துவம், உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதா? 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கம், தமிழுக்குத் தன் காலில் நிற்கும் துணிவைக் கொடுத்தது. சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்து, இம்மாவட்டத்து முறம்பில் தம் இளமையில் ஆசிரியராகப் பணியாற்றிய பாவாணர், ஒவ்வொரு சொல்லின் வேரையும் தோண்டிக் காட்டி, வேர் தெரிந்தால் கிளையை நாமே வளர்க்கலாம் என்று கற்பித்தார். கொள் என்பது வேர், கொண்மி கிளை. உணர் என்பது வேர், உணரி கிளை. சுழல் என்பது வேர், சுழலி கிளை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. கதவு திறந்துள்ளது, உள்ளே இடவேண்டிய நூல்களையும் வெளியே இடவேண்டிய வேலைவாய்ப்பையும் நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

சொல் ஆக்கினால் மட்டும் போதாது. அகரமுதலியில் துயிலும் சொல் பிணம். பணிக்கூடத்தில் நடமாடும் சொல்லே உயிர். ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைத்து அமைகின்றேன்.

ஒன்று: ஆலைக்குள் வரும் எந்தப் பொறிக்கும், அது எங்கே செய்யப்பட்டதாயினும், தமிழில் குறிப்பேடும் தமிழில் எச்சரிக்கைப் பலகையும் கேளுங்கள். "மின்கல அழுத்தம் குறைவு, அளவை நம்பாதீர், பணியை நிறுத்துக" என்று பொறியின் முகப்பில் தமிழ் எழுத்து ஒளிர வேண்டும். அது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பு.

இரண்டு: இவ்வூர்ப் பள்ளி மாணவர், ஒரு மின்கல அடுக்கு, ஒரு சிறு சுழலி, ஓர் உணரி, ஓர் அழுத்தமானி இவற்றைக் கொண்டு, நான் சொன்ன வீழ்ச்சியைத் தாமே அளந்து பார்க்கட்டும், மருந்தின் அண்மையில் அன்று, வகுப்பறையில். அளந்ததைத் தமிழில் எழுதட்டும். நான் சொன்னதில் பிழை கண்டால் அதையும் எழுதட்டும், மகிழ்வேன்.

மூன்று: கலவையறையில் ஆளுக்கு மாற்றாகப் பொறி, பொறிக்குப் பொய்யாத உணரி, அதை இயக்கக் கலவையறைத் தொழிலாளிக்கே தமிழ்வழிப் பயிற்சி ஆகிய இம்மூன்றையும் ஒரே கோரிக்கையாக, ஆலையுடைமையாளரிடமும் அரசிடமும், தொழிலாளர் அமைப்புகளும் தமிழமைப்புகளும் இணைந்து வைக்கட்டும்.

உணரிக்கு வேண்டிய இயல்பே இயக்கத்தார்க்கும் வேண்டும், உடன்பிறப்புகளே! நமக்கு வரும் ஊட்டம் எந்நாளும் ஒரே அளவில் இராது. ஆட்சி மாறும்; ஆரவாரம் ஏறும், இறங்கும். ஊட்டம் வீழும் நாளில் அளவை மாற்றிச் சொல்லுகின்றவன் நம்பத்தக்கவன் அல்லன். 1000 கிராமை 1000 கிராம் என்றே சொல்லுவோம். கலவையறையில் மாந்தன் இனி நிற்கலாகாது என்பதையும், அறிவியல் தமிழில் வாழ வேண்டும் என்பதையும், கேட்பார் பலராயினும் சிலராயினும் ஒரே அளவிற் சொல்லிக்கொண்டே இருப்போம்.

தொழிலாளர் உயிர் காப்போம்! தமிழில் அறிவியல் வளர்ப்போம்!

வெல்க தமிழ்!